நூற்றுப் பதினெட்டாம் புள்ளி

ஹாலிஜாவின் மேசைமேல் ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். திறந்தால் பிஸ்கட் இருக்காது, ஒரு கேபிள் சுருண்டு கிடக்கும். வேலைக்குப் புதிதாகச் சேருகிறவர்கள் பசி வேகத்தில் அந்த டப்பாவைத் திறந்துவிட்டு அவளிடம் ஒரு முறையாவது வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த மேசைப் பக்கம் போகும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் போவார்கள்.

சுங்கை ராயா கடைத்தெருவில் இருக்கிற அசுன் முதலாளியின் நில அளவை அலுவலகத்தில் அவளுக்கு இருபத்திரண்டு வருடச் சேவை. வெளிவேலைக்காரர்கள் தோப்பிலும் சேற்றிலும் நடந்து, கையடக்க ஜிபிஎஸ் கருவியில் ஒவ்வொரு மூலையாகக் குறித்துக்கொண்டு வருவார்கள். கேபிளைச் செருகி அந்தப் புள்ளிகளைக் கணினிக்கு இறக்கி, வேண்டாததைக் களைந்து, வரைபட மென்பொருளுக்குள் ஏற்றுவது ஹாலிஜாவின் வேலை. வரிசை எண், கிழக்கு, வடக்கு, உயரம் என்று நாலே நாலு பத்தி. அதற்குமேல் ஒரு காற்புள்ளி கூடுதலாக இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. ஒரு புள்ளிகூடத் தன் கையிலிருந்து தொலைந்ததில்லை என்று சொல்லுவாள். யாராவது கேட்டால்தான் சொல்லுவாள் என்று நினைத்துவிட வேண்டாம், கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த புருஷன் சப்ரான். அதே அலுவலகத்தில் வெளிவேலை. கருவி ஒவ்வொரு புள்ளிக்கும் தானாகவே எண் போட்டுவிடும். மற்றவர்கள் அதை அப்படியே விட்டுவிடுவார்கள். சப்ரானுக்கு மனசு கேட்காது. அந்தக் கருவியில் ஒவ்வோர் எழுத்தாகத் தள்ளித் தள்ளித்தான் அமுக்க வேண்டும், ஒரு சொல் எழுதுவதற்குள் கொசு அரை ரத்தம் குடித்துவிடும். இருந்தாலும் எழுதுவான். ‘14 இங்கே நாய் கடிக்கும்.’ ‘27 பலகைப் பாலம் ஆடுது.’ ‘31 பசிக்குது.’ வீட்டில் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம் என்கிற மனுஷன், தென்னந்தோப்பு மூலையில் நின்றால் மட்டும் வாய் ஓயாதவனாகிவிடுவான்.

ஹாலிஜா அத்தனையையும் அழித்துவிடுவாள். மென்பொருளுக்கு அரட்டை ஆகாது. ஆனால் அழிப்பதற்கு முன்னால் ஒரு வரி விடாமல் படிப்பாள். அவன் எங்கே வழுக்கி விழுந்தான், யார் வீட்டில் காப்பி கொடுத்தார்கள், எந்த வாய்க்காலில் முதலை கிடந்தது எல்லாம் அவளுக்கு அப்படித்தான் தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கேபிளைச் செருகினால் அவளுக்கு அன்றைய புருஷன் இறங்கி வருவான். படித்துவிட்டுச் சிரித்துக்கொள்வாள், அழித்துவிட்டு வீட்டுக்குப் போவாள். வீட்டில் அவன் தொலைக்காட்சி முன்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருப்பான். இருபத்திரண்டு வருடக் குடித்தனம் ஒரு கேபிளில் ஓடியது என்றால் எங்கள் ஊரில் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

இரண்டு வருடமாகத்தான் சங்கடம். சப்ரானுக்குக் கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்தது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, கருவியை மூக்குக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பான். ஒரே மூலையை இரண்டு முறை குறிப்பான், இன்னொரு மூலையை மறந்துவிடுவான். ஹாலிஜா அதைக் கண்டுபிடித்து, தோட்டக்காரர்களுக்குச் சத்தமில்லாமல் போன் போட்டு, மூலை எங்கே என்று விசாரித்து, கமுக்கமாகச் சரிசெய்துவிடுவாள். முதலாளிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரே ஒரு பிழை மட்டும் அவள் கண்ணுக்குத் தப்பிப் போனது. ஒரு ரப்பர் தோட்டத்தின் கிழக்கு மூலை காப்புவாஸ் ஆற்றின் நட்டநடுவில் போய் உட்கார்ந்தது. தோட்டக்காரர் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, அங்கே ரப்பர் சீவப் படகு தருவீர்களா என்று கேட்டார். அசுன் முதலாளி அன்றைக்கே சப்ரானைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அவருடைய அக்கா மகள் மெய்லின் படிப்பை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் கருவி அவள் கைக்குப் போகும். சப்ரான் கிடங்கில் உட்கார்ந்து முளைக்குச்சி எண்ணலாம். முதலாளி கெட்டவர் இல்லை. கடையை நடத்துகிறவருக்கு வேறு வழியும் இல்லை.

அன்று ராத்திரிச் சோற்றின்போது சப்ரான் தன் பத்து வார்த்தையில் பாதியைச் செலவழித்தான்.

“உக்கார வச்சா நான் செத்துருவேன் ஹாலிஜா.”

அவள் மீன் குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள். அவளுக்குப் பயமாக இருந்தது. நடக்கிறவரைக்கும்தான் அந்த மனுஷன் மனுஷனாக இருப்பான் என்பது அவளுக்குத் தெரியும். இன்னொரு பயமும் உண்டு, அதை வெளியே சொல்ல முடியாது. கிடங்குக் கதவு அவள் மேசைக்கு நேர் எதிரே. காலை எட்டிலிருந்து சாயங்காலம் ஐந்து வரைக்கும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க இருவருமே பழகியிருக்கவில்லை.

இந்த நிலையில்தான் ஹாஜி முக்ரியின் வேலை வந்தது. அவர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாரிட் மெராந்தியில் தென்னை விவசாயிகள் சங்கத் தலைவர். அறுபத்து மூன்று தோப்புகளை அளந்து வரைபடம் கொடுக்க வேண்டும். அதைச் சங்கத்தில் ஒட்டினால்தான் புதுக் கன்று யாருக்கு எத்தனை என்று பிரிக்க முடியும். ஒன்பது நாள் வேலை. அசுனின் அலுவலகம் இத்தனை வருடமும் தெற்குப் பக்கத்துக் கழிமுகத்திலேயே அளந்துகொண்டிருந்தது, ஆற்றைத் தாண்டி வடக்கே போவது இதுவே முதல் தடவை.

ஐந்து நாள் முடிந்ததும் சப்ரான் முதல் தொண்ணூற்றைந்து புள்ளிகளைக் கொண்டுவந்தான். ஹாலிஜா இறக்கினாள், படித்தாள், அழித்தாள், ஏற்றினாள். தோப்புகள் பலகாரத் தட்டில் அடுக்கிய மாதிரி ஒழுங்காக வந்து உட்கார்ந்தன. ஒரு பிழை இல்லை. அவளுக்கே ஆச்சரியம். கண்ணில் புரை விழுந்தவன் கருவியை எப்படி மூக்கோடு ஒட்டிப் பிடித்து நின்றிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள்.

மீதிப் புள்ளிகள் சனிக்கிழமை மதியம் வந்தன. பக்கத்து வீட்டில் மறுநாள் கல்யாணம், அன்னாசிக் குழம்புக்கு ஹாலிஜாதான் பொறுப்பு. நாற்பது அன்னாசி அவள் வீட்டு வாசலில் குவிந்து கிடக்கின்றன. அவசர அவசரமாகக் கேபிளைச் செருகினாள். பட்டியல் வந்தது. ‘96 ரம்லா வீடு. வாழைப்பழ பஜ்ஜி.’ ஹாலிஜாவின் புருவம் லேசாக உயர்ந்தது. பாரிட் மெராந்தியில் ரம்லா என்று ஒரு விதவை இருப்பதும், அவள் கைப்பக்குவமும் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் பேர்போனவை. இன்னும் கொஞ்சம் கீழே போனாள். ‘103 ரம்லா மறுபடியும் பஜ்ஜி. ஜாம் தடவி.’

அதற்குமேல் ஹாலிஜா படிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகப் படிக்காமலே அந்தப் பத்தியை மொத்தமாகப் பிடித்து அழித்தாள். அழித்த கை அப்படியே முன்னால் இருந்த இன்னொரு பத்தியையும் அழித்தது. அது மண்டலப் பத்தி, புள்ளி பூமியின் எந்தப் பகுதியில் விழுகிறது என்று கருவி தானாகப் போடுவது. எந்த வேலையிலும் ‘49 எம்’ என்றுதான் மேலிருந்து கீழ்வரைக்கும் இருக்கும், அவள் எப்போதும் அழிப்பதுதான். நூற்று அறுபத்தெட்டுப் புள்ளிகள் ஏறின என்று மென்பொருள் சொன்னது. ஏறினால் சரி என்று கணினியை மூடிவிட்டு அன்னாசி வெட்டப் போனாள். அன்று வெட்டிய அன்னாசிகளைப் பார்த்தவர்கள், பாவம், அவை என்ன குற்றம் செய்தன என்று கேட்டார்களாம்.

ஞாயிறு முழுக்க அவள் சப்ரானிடம் பேசவில்லை. அவன் அதைக் கவனிக்கவும் இல்லை. அதுவே அவளுக்குக் கூடுதல் எரிச்சல்.

திங்கட்கிழமை காலை பாரிட் மெராந்திச் சங்கக் கூடத்தில் அறுபத்து மூன்று தோப்புக்காரர்களும் குடும்பத்தோடு கூடிவிட்டார்கள். படம் காட்ட வெள்ளைத் துணி கட்டியாயிற்று. அசுன் முதலாளி இஸ்திரி போட்ட சட்டையில், கையில் ஒரு குச்சியோடு நின்றார். மெய்லினும் வந்திருந்தாள். சப்ரான் கடைசி வரிசையில், கருவி சட்டைப்பையில். ஹாலிஜா மடிக்கணினியைத் திறந்து, வரைபடம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் பொத்தானை அமுக்கினாள்.

துணியில் ஒன்றுமே இல்லை. உற்றுப் பார்த்தால், மேல் விளிம்பில் எறும்பு மாதிரி ஒரு புள்ளி. கீழ் விளிம்பில் இன்னொரு எறும்பு. இரண்டுக்கும் நடுவே மயிரிழை மாதிரி ஒரு கோடு.

மேல் எறும்பைப் பெரிதாக்கினால் கிராமத்தின் தென்பாதி அழகாக வந்தது. கீழ் எறும்பைப் பெரிதாக்கினால் வடபாதி அதைவிட அழகாக வந்தது. அது மட்டும் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மெய்லின் எண்களைப் படித்துப் பார்த்துவிட்டு, சன்னக் குரலில் அது தென்துருவம் என்று சொன்னாள். நடுவில் தெரிந்த அந்த மயிரிழைதான் ஹாஜி முக்ரியின் தோப்பு. இரண்டு மூலை கிராமத்தில் இருந்தன, இரண்டு மூலை பனிக்கட்டியில். ஒரே தோப்பின் மூலைகளை மென்பொருள் தானே கோடிழுத்துச் சேர்த்துவிடும். அது பாட்டுக்குத் தன் கடமையைச் செய்திருந்தது.

ஹாஜி முக்ரி நிதானமாக எழுந்து துணிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். சீன அண்ணன்களை எங்கள் ஊரில் கூப்பிடுகிற மாதிரி முதலாளியைக் ‘கோ’ என்று கூப்பிட்டார்.

“தோப்பு பெருசாத்தான் இருக்கு கோ. ஆனா அந்தக் கோடிக்குக் காய் பறிக்க ஆளு கிடைக்காதே. பெங்குவின் மரம் ஏறுமா?”

கூடம் இடிந்து விழுகிற மாதிரி சிரித்தது. சிரிக்காதவர்கள் மூன்று பேர். அசுன் முதலாளி குச்சியை மேசைமேல் வைத்தார். கோபப்பட்டால்கூடப் பரவாயில்லை, அவர் களைத்துப்போன மாதிரிப் பேசினார்.

“போதும் சப்ரான். கருவியை மெய்லின்கிட்ட குடு.”

சப்ரான் எழுந்தான். காதைச் சொறிந்தான். கூட்டத்தைத் தாண்டி ஹாலிஜாவைப் பார்த்தான். “நான் எழுதியிருந்தேனே,” என்றான். குற்றம் சொல்கிற குரல் இல்லை, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. முன்னால் வந்து கருவியை எடுத்து நீட்டினான்.

மெய்லின் கை நீட்டுவதற்குள் ஹாலிஜா அதை வாங்கிக்கொண்டாள். கண் தெரியாமல் எதையோ அமுக்கித் தொலைத்திருக்கிறான், வழக்கம்போலச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தாள். கூடவே கொண்டுவந்திருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்தாள். யாரோ ஒரு குழந்தை எட்டிப் பார்த்து ஏமாந்தது. கேபிளைச் செருகிப் பட்டியலை மறுபடி இறக்கினாள். சனிக்கிழமை அழித்த பத்திகள் இரண்டும் அப்படியே வந்தன. நூற்று மூன்றைத் தாண்டிப் போனாள்.

‘111 மூணாவது தடவை ரம்லா பஜ்ஜி. உன்னோடது மாதிரி இல்ல.’

அந்த வரியில் அவள் கண் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு கீழே போனாள்.

‘118 இதுக்கு மேல வடக்கு. எழுத்து மாறுது. ஹாலிஜா பாத்துக்கோ.’

மண்டலப் பத்தியைப் பார்த்தாள். நூற்றுப் பதினேழு வரைக்கும் ‘49 எம்’. நூற்றுப் பதினெட்டிலிருந்து கடைசிவரை ‘49 என்’.

பூமத்திய ரேகை எங்கள் ஊருக்குப் புதிதில்லை. அதற்குத் தூண் உண்டு, வெளியூர்க்காரர்கள் வந்து ஒரு காலை அங்கேயும் ஒரு காலை இங்கேயும் வைத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். வருடத்தில் இரண்டு நாள் உச்சிவேளையில் நிழல் காணாமல் போகும் என்று அவர்கள் அதிசயப்படுவார்கள். அந்த இரண்டு நாளும் எங்களுக்கு ஒதுங்க நிழல் இல்லையே என்றுதான் கவலை. ரேகை என்பது விருந்தாளிக்குக் காட்டுகிற சாமான், வேலைக்கு நடுவில் அது வரும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் பாரிட் மெராந்தியை அது குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. தெற்கே நிற்கும்வரை கருவி வடக்கு அளவைத் தென்துருவத்திலிருந்து எண்ணி, தொண்ணூற்றொன்பது லட்சத்துச் சொச்சம் மீட்டர் என்று காட்டும். ரேகையைத் தாண்டியதும், பழைய மோட்டார் சைக்கிளில் கிலோமீட்டர் காட்டுகிற எண் சக்கரம் சுற்றி வந்து நிற்பது மாதிரி, பூஜ்யத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். எழுத்து மாறுவது அதற்கு அடையாளம். ஹாலிஜா எழுத்தையும் அழித்தாள், எச்சரிக்கையையும் அழித்தாள். தெற்கு என்றே எண்ணிக்கொண்ட மென்பொருள், பாதிக் கிராமத்தைத் தெற்கின் கடைசிக்கே கொண்டுபோய் வைத்துவிட்டது.

கண்ணில் புரை விழுந்தவன் ஓர் எழுத்து மாறியதைப் பார்த்திருக்கிறான். நல்ல கண் வைத்திருந்தவள் பார்க்கவில்லை.

சத்தமில்லாமல் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். சரிசெய்துவிட்டால் எல்லோரும் என்ன நினைப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். புருஷன் செய்த பிழையைப் பெண்டாட்டி திருத்தினாள், கெட்டிக்காரி. அவள் பேர் அப்படியே இருக்கும், கருவி மெய்லினிடம் போய்விடும். ஹாலிஜா எழுந்து நின்றாள். காது வரைக்கும் சிவந்திருந்தது.

“கோ, கருவியை யார்கிட்ட வேணும்னாலும் குடுங்க. ஆனா இந்தத் தப்புக்காகக் குடுக்காதீங்க. இது என் தப்பு.”

“புருஷனுக்காகப் பேசாத ஹாலிஜா.”

“ரெண்டு வருஷமா அவர் செஞ்ச தப்பையெல்லாம் மறைச்சேன். அப்போ ஒரு வார்த்தை பேசல. இன்னிக்கு என் தப்பு அவர் தலையில விழுது. இப்பவும் வாயை மூடிக்கிட்டு இருந்தா நான் என்ன பொம்பள?” நூற்றுப் பதினெட்டை எல்லோரும் கேட்கும்படி படித்தாள். “எழுதி வச்சுட்டுத்தான் வந்திருக்காரு. நான் படிக்கல.”

“நீ படிக்காம அழிச்சியா? ஏன்?” அசுன் முதலாளிக்கு அதுதான் நம்ப முடியாததாக இருந்தது.

ஹாலிஜா கூட்டத்தில் ரம்லா எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டாள். “அன்னிக்கு அன்னாசி வெட்ட வேண்டியிருந்துச்சு,” என்றாள். அதுவும் உண்மைதான்.

அவள் மறைத்ததெல்லாம் தனக்குத் தெரியும் என்றார் முதலாளி. அவள் ரகசியமாகப் போன் போட்ட தோட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் அடுத்த போனை அவருக்குத்தான் போட்டிருக்கிறார்கள். ஆற்றங்கரை முழுக்கத் தெரிந்த ரகசியத்தை இரண்டு வருடம் கட்டிக் காத்தவள் ஹாலிஜா ஒருத்திதான்.

“சரி, இப்ப எத்தனை புள்ளி தொலைஞ்சுது?” என்று கேட்டார்.

“நூத்தி நாப்பத்தாறு,” என்றாள் ஹாலிஜா. இருபத்திரண்டு வருடப் பெருமை அந்த ஒரு சொல்லோடு போனது. சொன்ன பிறகு, நினைத்த அளவுக்கு வலிக்கவில்லை.

உட்கார்ந்து, ரேகையைத் தாண்டிய புள்ளிகளின் வடக்கு அளவோடு ஆளுக்கொரு கோடி மீட்டரைக் கூட்டினாள். திரும்ப ஏற்றினாள். தென்துருவத்திலிருந்து பாதிக் கிராமம் கிளம்பி வந்து, மீதிப் பாதியோடு ஒட்டிக்கொண்டது. ஹாஜி முக்ரியின் தோப்பு பழைய அளவுக்குச் சுருங்கியது. கொஞ்ச நேரமாவது பெரிய மிராசுதாராக இருந்தோமே என்று அவர் வருத்தப்பட்டுக்கொண்டார். ஒரு மூலை பாக்கியில்லாமல் அறுபத்து மூன்று தோப்பும் சரியாக இருந்தன.

அசுன் முதலாளி கருவியை எடுத்துச் சப்ரானின் சட்டைப்பையில் தானே போட்டார். “இந்த மாசமே கண்ணைக் காட்டு. ஆபரேஷன்னா பண்ணிக்கோ. வந்து நட.”

திரும்பி வரும் வழியில் ஹாலிஜா மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பாலத்தின் நடுவில் அவன் முதுகைப் பார்த்து, எங்கள் ஊர்ப் பெண்டாட்டிகள் புருஷனைக் கூப்பிடுகிற ‘பாங்’ போட்டுச் சொன்னாள்.

“நூத்திப் பதினொண்ணைப் படிச்சேன் பாங்.”

அவன் திரும்பவில்லை. கழுத்து மட்டும் சிவந்தது. அன்று சாயங்காலம் அவள் வாழைப்பழ பஜ்ஜி போட்டாள். சப்ரான் ஏழு தின்றான், ஒரு வார்த்தை சொல்லவில்லை, தொலைக்காட்சி முன்னால் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டான்.

மறுநாள் அவன் பாரிட் மெராந்தியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தை அளக்கப் போனான். ஐந்து மணிக்கு அவள் கேபிளைச் செருகினாள். முதல் வரி, ‘1 நேத்து பஜ்ஜி ரொம்ப நல்லாருந்துச்சு. ரம்லாகிட்ட சொல்லிட்டேன்.’ அழிக்கும் பொத்தான்மேல் போன விரலை அவள் எடுத்துக்கொண்டாள். ஐந்தாவதாக ஒரு பத்தியைத் திறந்து, அதற்குக் குறிப்பு என்று பேர் வைத்து, எல்லாவற்றையும் அப்படியே உள்ளே ஏற்றினாள். அடுத்த வாரம் தலைமையாசிரியர் மேசையில் விரித்த வரைபடத்தில், மைதானத்தின் தென்மேற்கு மூலையில் பஜ்ஜி நன்றாக இருந்த செய்தி அச்சாகியிருந்தது. அசுன் முதலாளி போனில் கத்திக்கொண்டே இருந்தார். ஹாலிஜா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பிஸ்கட் டப்பாவை மூடினாள்.